விலைபோகாத வெள்ளோட்டம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

முன்னுரை

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் முன்னோர் வாக்கு. கொதிக்கும் உலையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுப் பானையை இறக்குவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். பானைச் சோறு முழுவதையும் நசுக்கிப் பார்ப்பவர் எவரும் இலர். அறிவியல் கூடத்திலும் இதே வழிதான். குளத்து நீரின் தன்மையை அறிய ஒரு குப்பி நீர் போதும். உடலின் நலத்தை அறியச் சில துளி இரத்தம் போதும். மாதிரியைக் கொண்டு முழுமையை அறிதல் என்று இதனைக் கூறுவர்.

ஆனால் உலகில் உள்ள எல்லாவற்றையும் இவ்வாறு மாதிரி எடுத்து அளந்துவிட முடியுமா? 1959-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எடுக்கப்பட்டு, வாங்குவார் இன்றிப் பெட்டிக்குள் முடங்கிப்போன ஒரு தொலைக்காட்சிப் படத்தின் வரலாறு இக்கேள்வியை நம்முன் வைக்கிறது. அந்தப் படத்தின் நாயகர் ஒரு விசித்திரமான துப்பறிவாளர். துப்பறியும் கதை பொழுதுபோக்குக்கு உரியதாயிற்றே, கல்லூரி மலரில் அதற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அந்தப் படத்தை ஒரு சோதனையாகவும், அது விலைபோகாததை அச்சோதனையின் முடிவாகவும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தால் நமக்குப் பயன்படும் உண்மை ஒன்று கிடைக்கிறது. அதனைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெள்ளோட்டம் என்னும் சொல்

தொலைக்காட்சித் தொடர் ஒன்றை எடுக்க விரும்புவோர் தொடர் முழுவதையும் எடுத்து முடித்துவிட்டு விலைபேசுவது அக்கால வழக்கமன்று. முதலில் ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுப்பர். அதனை ஒளிபரப்பு நிறுவனத்தாருக்கும், விளம்பரம் தரும் வணிகருக்கும் போட்டுக் காட்டுவர். அவர்கள் மனம் வைத்தால் தொடர் முழுவதற்கும் ஒப்பந்தம் ஆகும். இல்லையேல் அந்த ஒரு பகுதியோடு எல்லாம் முடிந்தது. இந்த முதற் பகுதிக்கு ஆங்கிலத்தில் 'பைலட்' என்று பெயர்.

துறைமுகத்து ஊரில் வாழும் நமக்கு அச்சொல் புதிதன்று. வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலில் ஏறி, ஆழமும் திருப்பமும் அறிந்து, அதனைத் துறைமுகத்துக்குள் பத்திரமாக அழைத்து வருபவரையும் பைலட் என்றே அழைக்கிறோம். முன்னே சென்று வழிநடத்துவது என்பது இரண்டுக்கும் பொதுவான பொருள்.

தமிழில் இதற்கு ஏற்ற சொல் நம் கடற்கரையிலேயே வழங்குகிறது. புதிதாகக் கட்டிய தோணியையும், புதிதாகச் செய்த தேரையும் முதன்முதல் ஓட்டிப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்கிறோம். ஆகவே இக்கட்டுரையில் அச்சொல்லையே ஆள்கிறேன். ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும். வெள்ளோட்டத்தில் தோணிக்குள் நீர் கசிந்தால், கரையேற்றிப் பலகை இடுக்குகளை அடைத்து மறுபடியும் கடலில் இறக்குவார்கள். தொலைக்காட்சி வெள்ளோட்டத்துக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

நம் நாட்டிலும் இம்முறை இருந்தது. 1984-ஆம் ஆண்டில் 'ஹம் லோக்' தொடர் வந்த பிறகு, விளம்பரதாரர் ஆதரவில் எடுக்கப்படும் தொடர்கள் தூர்தர்ஷனில் பெருகின. தயாரிப்பாளர்கள் மாதிரிப் பகுதி ஒன்றை எடுத்துக் காட்டி ஒப்புதல் பெறும் வழக்கம் அங்கும் இருந்தது. ஒப்புதல் பெற்ற தொடர்களுக்குப் பெரும்பாலும் 13 வாரம் என்ற கணக்கில் இடம் ஒதுக்கினார்கள்.

வாசற்படி தாண்டாத துப்பறிவாளர்

இனி நம் நாயகரைப் பார்ப்போம். அவர் பெயர் நீரோ உல்ஃப். அவரைப் படைத்தவர் ரெக்ஸ் ஸ்டவுட் என்னும் அமெரிக்க எழுத்தாளர். ஸ்டவுட் 1886-ஆம் ஆண்டில் பிறந்து 1975-ஆம் ஆண்டில் மறைந்தவர். உல்ஃபின் முதல் நாவல் 1934-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்பின் 41 ஆண்டுகள், தாம் மறையும் ஆண்டு வரை, அதே துப்பறிவாளரை வைத்து நாவல்களும் குறுநாவல்களுமாக 70-க்கும் மேற்பட்ட கதைகளை அவர் எழுதினார்.

துப்பறிவாளர் என்றதும் ஓடி ஆடி, தடயம் தேடி, குற்றவாளியைத் துரத்திப் பிடிக்கும் ஒருவர் நம் மனக்கண்ணில் தோன்றுவார். உல்ஃப் இதற்கு நேர்மாறானவர். அவருடைய எடை ஒரு டன்னில் ஏழில் ஒரு பங்கு என்று கதைகளில் கூறப்படுகிறது. நம் கணக்கில் ஏறத்தாழ 130 கிலோகிராம். நியூயார்க் நகரின் 35-ஆவது தெருவில் உள்ள தம் வீட்டை விட்டுத் தொழில் நிமித்தமாக அவர் வெளியே செல்வதில்லை. வீட்டின் மேல்மாடியில் கண்ணாடிக் கூரையின் கீழ் ஆயிரக்கணக்கான ஆர்க்கிட் செடிகளை வளர்க்கிறார். காலை 9 முதல் 11 வரையும், மாலை 4 முதல் 6 வரையும் அவர் அந்தச் செடிகளோடுதான் இருப்பார். வீட்டில் கொலையே நடந்தாலும் அந்த நேரம் மாறுவது அரிது. உணவில் மிகுந்த நாட்டம் உடையவர். உண்ணும்போது தொழிலைப் பற்றிப் பேச்சு எடுக்கக் கூடாது. அவருக்கென்று தனியாகச் செய்த பெரிய நாற்காலியில் அமர்ந்து பீர் அருந்தியபடியே சிந்திப்பார்.

வெளியே சென்று செய்தி திரட்டி வருபவர் ஆர்ச்சி குட்வின் என்னும் இளைஞர். கதைகளை நமக்குச் சொல்பவரும் அவரே. சுறுசுறுப்பும் கிண்டலும் நிறைந்தவர். மூளை நாற்காலியில் அமர்ந்திருக்க, கால்கள் நகரெங்கும் சுற்றுகின்றன என்று இந்த ஏற்பாட்டைச் சொல்லலாம். கதையின் இறுதியில் சந்தேகத்துக்குரிய அனைவரையும் தம் அலுவல் அறைக்கே வரவழைத்து, இருந்த இடத்திலிருந்தே உல்ஃப் குற்றவாளியைச் சுட்டிக்காட்டுவார்.

1959-ஆம் ஆண்டுப் படம்

இவ்வளவு புகழ்பெற்ற துப்பறிவாளரைத் திரையில் காட்டும் முயற்சிகள் முன்னரே நடந்திருந்தன. 1936, 1937-ஆம் ஆண்டுகளில் இரண்டு திரைப்படங்கள் வந்தன. மூன்றாவது படம் வரவில்லை. பின்னர் 1959-ஆம் ஆண்டில் சி.பி.எஸ். தொலைக்காட்சிக்காக அரைமணி நேரத் தொடர் ஒன்றின் வெள்ளோட்டம் எடுக்கப்பட்டது. ஆஸ்திரியாவில் பிறந்த நடிகர் கர்ட் கஸ்னர் உல்ஃபாக நடித்தார். ஆர்ச்சியாக நடித்தவர் வில்லியம் ஷாட்னர் என்ற கனடா நாட்டு இளம் நடிகர். 'கவுண்ட் த மேன் டவுன்' என்பது அப்பகுதியின் பெயர். ஏவுகணை விடும்போது எண்களைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு வருவார்கள் அல்லவா? அதையொட்டி வைத்த பெயர் அது. கதையும் கேப் கனாவரல் ஏவுதளத்தில் நிகழும் ஒரு விஞ்ஞானியின் மர்ம மரணத்தைப் பற்றியதே. 1957-ஆம் ஆண்டில் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதிலிருந்து அமெரிக்கர்களின் பேச்செல்லாம் ஏவுகணையாக இருந்த காலம் அது. ஆகவே அன்றைய மக்களை ஈர்க்கும் கதைப்பொருளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் எனலாம்.

நல்ல நடிகர்கள் இருந்தார்கள். புகழ்பெற்ற பாத்திரம் இருந்தது. காலத்துக்கு ஏற்ற கதையும் இருந்தது. தொடர் அவ்வாண்டு செப்டம்பரில் தொடங்கும் என்று செய்தியும் வெளியாயிற்று. ஆயினும் தொடர் வரவில்லை. காரணம் என்ன? அன்றைய பத்திரிகை விமர்சகர் ஒருவர் கூறிய காரணம் வியப்புக்குரியது. படம் நன்றாக இருந்ததுதான் இடையூறாயிற்றாம். அரைமணிக்குள் அடைக்கக் கூடிய பொருள் இதுவன்று, ஒரு மணி நேரத் தொடராக எடுக்க வேண்டும் என்று பார்த்தவர்கள் கருதினார்களாம். ஆனால் அந்த ஆண்டு அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கு இடம் எஞ்சியிருக்கவில்லை. படம் பெட்டிக்குள் போயிற்று.

விளம்பரங்கள் போக அரைமணித் தொடருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 25 நிமிடம். அந்த 25 நிமிடத்துக்குள் என்னென்ன நடக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். உல்ஃப் யார், ஏன் வெளியே போகமாட்டார், செடிகள் எதற்கு என்பதெல்லாம் தெரிய வேண்டும். ஆர்ச்சிக்கும் அவருக்கும் உள்ள உறவு விளங்க வேண்டும். மரணம் நிகழ வேண்டும். சந்தேகத்துக்குரியவர் ஒவ்வொருவரையும் நாம் அறிய வேண்டும். எல்லாரும் ஓர் அறையில் கூட வேண்டும். இறுதியில் முடிச்சு அவிழ வேண்டும். நாவலில் 200 பக்கத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு நிகழ்பவை இவை. ஒரு படிக் கொள்ளளவுள்ள பாத்திரத்தில் மூன்று படி நீரை ஊற்றினால், பாத்திரத்தின் மீதும் குற்றமில்லை, நீரின் மீதும் குற்றமில்லை.

முத்துப்பார் கற்பிக்கும் பாடம்

நேரக் குறைவு ஒன்றே காரணம் என்று நின்றுவிட்டால் இக்கட்டுரைக்கு இவ்வளவு நீளம் தேவையில்லை. இதற்கும் அடியில் வேறொரு சிக்கல் உள்ளது. அதனை விளக்க நம் ஊர்க் கடலுக்கே போவோம்.

மன்னார் வளைகுடாவில் கடலடியில் முத்துச்சிப்பிகள் திரளாக வாழும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்கிறோம். முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் தவறாமல் நடந்த ஒன்றன்று. முதலில் அரசு அலுவலர்கள் பார்களுக்குச் சென்று சிப்பிகள் உள்ளனவா, போதிய வளர்ச்சி அடைந்துள்ளனவா என்று ஆராய்வார்கள். பின்னர் மாதிரிக்காக ஆயிரக்கணக்கில் சிப்பிகளை எடுப்பார்கள். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, முத்துகளைப் பிரித்து, சல்லடைகளால் தரம்பிரித்து, தொழில் அறிந்தவர்களைக் கொண்டு விலை மதிப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கு வரும். அந்தக் கணக்கு கட்டுபடியானால்தான் முத்துக்குளிப்பு அறிவிக்கப்படும். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் என்பவர் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா முத்துக்குளிப்புப் பற்றி 1922-ஆம் ஆண்டில் தனி நூலே வெளியிட்டிருக்கிறார். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்புகளே இறுதியானவை.

இந்த முறையில் மாதிரியை நம்பலாம். ஏன்? மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, எடுக்கும் சிப்பிகள் ஒன்றிரண்டல்ல, ஆயிரக்கணக்கானவை. ஒரு சிப்பியில் முத்து இல்லை என்பதற்காகப் பாரையே கைவிடுவார் இல்லை.

இரண்டாவது, அவை அந்தப் பாரின் இயல்பான சிப்பிகள். பெரும்பாலும் ஒரே வயதினவாய் ஒன்றாக வளர்ந்தவை. பாரின் பல இடங்களிலிருந்தும் எடுத்தால் அவை முழுப் பாரையும் எடுத்துக்காட்டும்.

மூன்றாவது, ஒரு சிப்பியைத் திறந்து பார்ப்பதால் அடுத்த சிப்பியில் உள்ள முத்து கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

இப்போது தொலைக்காட்சி வெள்ளோட்டத்தை இந்த மூன்று விதிகளோடும் ஒப்பிட்டுப் பார்ப்போம். அது ஒன்றே ஒன்று. அதுவும் தொடரின் நடுவிலிருந்து எடுத்த இயல்பான பகுதி அன்று, விளிம்பிலிருந்து எடுத்த முதற் பகுதி. முதற் பகுதிக்கு மட்டுமே எல்லாரையும் அறிமுகம் செய்யும் சுமை உண்டு. பிற பகுதிகளுக்கு அது இல்லை. மூன்றாவதுதான் முக்கியமானது. கதையில் ஒரு பகுதியைப் பார்த்தவர் அடுத்த பகுதியைப் பார்க்கும்போது பழைய ஆளாக இருப்பதில்லை. முன்னே பார்த்தது அவர் மனத்தில் இருந்துகொண்டு, பின்னே பார்ப்பதன் பொருளை மாற்றுகிறது.

ஆகவே வெள்ளோட்டத்தை மாதிரி என்று கொள்வதே பொருந்தாது. அது தொடக்கம். மாதிரிக்கும் தொடக்கத்துக்கும் உள்ள இந்த வேற்றுமையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். சோற்றுப் பழமொழியும் இதையே உணர்த்துகிறது. வெந்த சோற்றில்தான் ஒரு பருக்கை பதம். உலையில் இட்டவுடன் எடுத்த அரிசியைக் கடித்துப் பார்த்து, இந்தப் பானை வேகாது என்று எவரும் கூறுவதில்லை.

பழக்கமும் விசித்திரமும்

எல்லா வகைத் தொடர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஆயினும் விசித்திரமான துப்பறிவாளர்களுக்கு இது கூடுதலாகவே உண்டு. விசித்திரம் என்பது ஒருவருடைய பழக்கம். பழக்கம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது திரும்பத் திரும்ப நிகழ வேண்டும். ஒரு புள்ளியின் வழியே எத்தனை நேர்கோடு வேண்டுமானாலும் வரையலாம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஒரே ஒரு முறை ஒருவர் செய்ததைக் கண்டு இது அவர் பழக்கமா, அன்றைய தற்செயலா என்று அறிய வழியில்லை.

நம் தமிழ்த் துப்பறிவாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தேவன் என்ற பெயரில் எழுதிய ஆர். மகாதேவன் 1940-களில் ஆனந்த விகடனில் படைத்த துப்பறியும் சாம்புவை அறியாதவர் நம் பெற்றோர் தலைமுறைக்கு முந்தியவர்களில் குறைவு. சாம்பு ஒரு வங்கி குமாஸ்தா. எல்லாரும் அவரை அசடு என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அவருக்குத் துப்பறியத் தெரியாது. ஆனால் அவர் தடுமாறிச் செய்யும் ஒவ்வொரு காரியமும் குற்றவாளியைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். இன்ஸ்பெக்டர் கோபாலன் உட்பட உலகமே அவரை மேதை என்று போற்றும். உண்மை சாம்புவுக்கும் வாசகருக்கும் மட்டுமே தெரியும்.

இந்தக் கதைகளுள் ஒன்றை மட்டும் மாதிரிக்காக ஒருவரிடம் கொடுத்தால் என்ன சொல்வார்? ஏதோ குருட்டு அதிர்ஷ்டம், இதில் என்ன கதை இருக்கிறது என்பார். நாணயத்தைச் சுண்டினால் ஒரு முறை தலை விழுவது ஒரு செய்தியே அன்று. தொடர்ந்து 50 முறை தலை விழுந்தால் ஊரே கூடிப் பார்க்கும். சாம்புவின் அதிர்ஷ்டமும் அத்தகையது. கதைக்குக் கதை அது திரும்ப வருவதால்தான், இந்த முறை எப்படித் தப்புவாரோ என்ற ஆவலும், உலகம் ஒருவரை மதிப்பிடும் விதத்தைப் பற்றிய சிரிப்பும் நமக்குள் எழுகின்றன. வாரம்தோறும் வெளிவரும் பத்திரிகையில் வந்ததனால் அதற்கு அந்தக் காலம் கிடைத்தது. பின்னாளில் சாம்பு தொலைக்காட்சிக்கும் வந்தார்.

1985-ஆம் ஆண்டில் தூர்தர்ஷனில் வந்த 'கரம்சந்த்' தொடரும் இவ்வாறே. பங்கஜ் பராஷர் இயக்கிய அத்தொடரில் பங்கஜ் கபூர் துப்பறிவாளராக நடித்தார். கறுப்புக் கண்ணாடியும், எந்நேரமும் கடித்துக்கொண்டிருக்கும் கேரட்டும் அவருடைய அடையாளம். கிட்டி என்ற உதவியாளரை அவர் அதட்டுவதும் தவறாது. கேரட் தின்பதில் தனியே என்ன நகைச்சுவை உண்டு? ஒன்றுமில்லை. வாரம்தோறும் அதைக் கண்டு பழகியபின் நம் வீட்டு மாமா ஒருவரின் குணம் போல் அது ஆகிவிடுகிறது.

நீரோ உல்ஃபுக்கும் இதுவே விதி. அவர் வீட்டை விட்டு வெளியேறாதவர் என்று முதல் கதையில் அறிகிறோம். அது வெறும் செய்தி. நான்கைந்து நாவல்களுக்குப் பின் அது நம் மனத்தில் வேரூன்றிவிடுகிறது. 1938-ஆம் ஆண்டு நாவலில் அவர் சமையற்கலை வல்லுநர்கள் கூடும் இடத்துக்கு இரயிலில் பயணம் போகிறார். இரயில் நகர்வதற்கே அஞ்சும் அவரைக் கண்டு பழைய வாசகர் விழுந்து விழுந்து சிரிப்பார். முதன்முறை படிப்பவருக்கோ பருமனான ஒருவர் இரயிலில் போகிறார் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. விதியை அறிந்தவருக்குத்தான் விதிவிலக்கின் சுவை தெரியும். 1959-ஆம் ஆண்டுப் படத்துக்கு விதியை நிறுவவே நேரம் போதவில்லை.

இன்னொரு சான்றும் உண்டு. 'கொலம்போ' என்னும் அமெரிக்கத் துப்பறியும் தொடர் உலகெங்கும் புகழ்பெற்றது. கசங்கிய மழைக்கோட்டும் கலைந்த தலையுமாகப் பீட்டர் ஃபாக் நடித்த பாத்திரம் அது. அவர் முதலில் நடித்த படம் 1968-ஆம் ஆண்டில் வந்தது. அதில் அவர் தலை வாரி ஓரளவு ஒழுங்காகவே காட்சி தருகிறார். மூன்றாண்டுகள் கழித்து 1971-ஆம் ஆண்டில் இன்னொரு வெள்ளோட்டம் எடுத்த பிறகே தொடர் பிறந்தது. அவரோடு சேர்த்து இன்று நினைவுகூரப்படும் சோம்பேறி நாய் 1972-ஆம் ஆண்டில்தான் வந்து சேர்ந்தது. முதல் படத்தை மட்டும் கண்டு தீர்ப்பளித்திருந்தால் பிற்காலத்துக் கொலம்போவை உலகம் கண்டிராது.

பின்னர் நிகழ்ந்தவை

விலைபோகாத வெள்ளோட்டத்தோடு உல்ஃபின் கதை முடியவில்லை. 1977-ஆம் ஆண்டில் ஏ.பி.சி. தொலைக்காட்சிக்காக மற்றொரு முழுநீள வெள்ளோட்டம் எடுக்கப்பட்டது. அதில் உல்ஃபாக நடித்த தேயர் டேவிட் 1978-ஆம் ஆண்டில் காலமானார். படம் 1979-ஆம் ஆண்டின் இறுதியில் ஒளிபரப்பாயிற்று, தொடர் ஆகவில்லை. 1981-ஆம் ஆண்டில் வில்லியம் கான்ராட் நடித்த ஒரு மணி நேரத் தொடர் வந்து சில மாதங்களில் நின்றது. 2000-ஆம் ஆண்டில் ஏ அண்டு இ தொலைக்காட்சி ஒரு முழுநீளப் படம் எடுத்தது. அதன் வெற்றியால் 2001, 2002-ஆம் ஆண்டுகளில் தொடரும் வந்தது. மாரி சேக்கின் உல்ஃபாகவும், டிமதி ஹட்டன் ஆர்ச்சியாகவும் நடித்த அத்தொடர் ஸ்டவுட்டின் கதைகளையே அடியொற்றி, அவசரமின்றிச் சொல்லியது. துப்பறியும் கதை வாசகர் பலர் அதையே சிறந்ததாகக் கருதுகின்றனர். 1959-ஆம் ஆண்டில், இதற்கு இன்னும் நேரம் வேண்டும் என்று கூறியவர்களின் கருத்து 40 ஆண்டுகளுக்குப் பின் மெய்யாயிற்று.

ஆர்ச்சியாக நடித்த ஷாட்னர் என்ன ஆனார்? 'ஸ்டார் டிரெக்' என்னும் விண்வெளித் தொடருக்காக எடுத்த முதல் வெள்ளோட்டத்தை என்.பி.சி. நிறுவனம் 1965-ஆம் ஆண்டில் மறுத்துவிட்டது. ஆனால் வழக்கத்துக்கு மாறாக இன்னொன்று எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்டது. அந்த இரண்டாம் வெள்ளோட்டத்தில் கப்பல் தலைவராக வந்தவர் ஷாட்னர்தான். 1966-ஆம் ஆண்டில் தொடங்கிய அத்தொடர் அவர் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. மறுக்கப்பட்ட முதல் வெள்ளோட்டத்தின் காட்சிகளையும் வீணாக்காமல் பின்னர் அதே தொடரில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒளிபரப்பு நிறுவனத்தார் பக்கத்து நியாயத்தையும் கூறவேண்டும். பெரும் பணத்தை முதலீடு செய்பவர் ஏதேனும் ஒன்றைப் பார்த்துத்தானே முடிவெடுக்க முடியும்? அது உண்மையே. ஆனால் முடிவெடுக்க வேறு வழிகளும் உண்டு. 13 வாரம் கொடுத்துப் பார்க்கும் தூர்தர்ஷன் முறையில் மக்கள் பழகுவதற்குக் காலம் இருந்தது. 2013-ஆம் ஆண்டில் வந்த 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடருக்கு நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் வெள்ளோட்டமே கேட்கவில்லை. 26 பகுதிகளுக்கு ஒரே மூச்சில் ஒப்புதல் தந்தது. ஒன்றைக் கொண்டு பலவற்றைத் தீர்ப்பது ஒன்றே வழியன்று என்பதை இவை காட்டுகின்றன.

முதலில் வருபவர்

இதையெல்லாம் அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நானும் அவர்களுள் ஒருவன். என் தந்தை உப்பளத்தில் வேலை செய்பவர். எனக்குப் பின்னே ஒரு தங்கை பதினோராம் வகுப்பில் படிக்கிறாள். அவளைக் கல்லூரியில் சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், "முதலில் இவன் என்ன ஆகிறான் பார்ப்போம்" என்று உறவினர் கூறுவது வழக்கம். அவர்கள் தீய எண்ணத்தால் அவ்வாறு கூறவில்லை. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு ஒவ்வொரு ரூபாயும் கணக்குத்தான். மாதிரியைப் பார்த்துவிட்டு முதல் போடுவது அவர்களுக்குப் பழகிய வழி.

ஆயினும் இக்கட்டுரைக்காகப் படித்த பிறகு அவர்களுக்குக் கூற என்னிடம் ஒரு விடை உள்ளது. முதலில் வருபவனுக்கு மட்டும் உள்ள சுமைகள் சில உண்டு. விண்ணப்பம் எழுதக் கற்பதும், உதவித்தொகைக்கு அலைவதும், ஆங்கிலப் பாடநூலில் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் செலவிடுவதும், எந்தப் பாடம் எடுத்தால் எந்த வேலை என்று கேட்டு அறிய வீட்டில் ஆள் இல்லாமையும் அவனுக்கே உரியவை. அடுத்து வருபவளுக்கு அவற்றில் பாதி இராது. நான் பட்ட பாட்டில் நான் கற்றது அவளுக்கு முன்கூட்டியே கிடைக்கும். எனவே என் மதிப்பெண்ணைக் கொண்டு அவளுடைய தகுதியை அளப்பது, முதற் பகுதியைக் கண்டு தொடர் முழுவதையும் தள்ளுவதற்கு ஒப்பானது. நான் நன்றாகத் தேறினாலும் அது அவளுக்குச் சான்றாகாது. நான் தவறினாலும் அவளுக்கு அது தடையாகக் கூடாது. இதனை என் தந்தையிடம் கூறினேன். அவர் மறுக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு விண்ணப்பம் வழங்கும்போது மறுபடியும் கூறுவேன்.

முடிவுரை

"முதல் கோணல் முற்றும் கோணல்" என்றும் ஒரு பழமொழி உண்டு. சுவர் எழுப்புவதற்கு அது பொருந்தும், ஏனெனில் மேல் வரிசைக் கல் கீழ் வரிசைக் கல்லின் மேல்தான் அமர வேண்டும். கற்றுக்கொண்டே வளரும் எதற்கும் அதை அப்படியே பொருத்த முடியாது. கதையும் மனிதரும் அவ்வகையைச் சேர்ந்தவர்கள்.

ஆகவே நண்பர்களே, ஒன்றை அளக்கப் புகும்முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம்: என் கையில் இருப்பது மாதிரியா, தொடக்கமா? மாதிரி என்றால் போதிய அளவு எடுத்துத் தயங்காமல் முடிவு கூறலாம். தொடக்கம் என்றால் இன்னும் சிறிது காலம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் நடுங்கும் கைகளுக்கும், பேச்சுப் போட்டி மேடையில் முதன்முதல் ஏறித் திக்கும் நாவுக்கும் இது பொருந்தும்.

நீரோ உல்ஃபின் அந்த 25 நிமிடப் படம் இன்று பார்க்கக் கிடைக்கிறது. நேரம் இருப்பவர்கள் பார்க்கலாம். பார்க்கும்போது, இது நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேளாமல், இது தொடர்ந்திருந்தால் பத்தாவது வாரத்தில் எப்படி இருந்திருக்கும் என்றும் எண்ணிப் பாருங்கள்.